மலை காணாப் பிள்ளை

வண்டி மலையேறத் தொடங்கியதும் முத்துராக்கு மகளின் கண்கட்டை இன்னொரு முறை இழுத்து இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பதினேழு வருஷமாகக் கட்டிக் காத்ததைக் கடைசி நேரத்தில் கோட்டை விட்டுவிடக் கூடாதே என்று இன்னொரு முடிச்சும் போட்டாள்.

“வலிக்குதும்மா,” என்றாள் செவ்வந்தி.

“பொறுத்துக்க. இன்னைக்கு ஒரு நாள்தான்.”

வண்டியை ஓட்டியவன் டெரன்ஸ், கம்பெனி ஆள். அவன் பக்கத்தில் மிருணாளினி, இன்றைய வாடிக்கையாளர். அறுபது வயதிருக்கும். நல்ல பட்டு, நல்ல வாசனை, முகத்தில் மட்டும் ஒன்றுமில்லை. வழியெல்லாம் பள்ளத்தாக்கு விரிந்து கிடந்தது, அந்த அம்மாள் நகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு மனுஷப் பிறவி ஒன்றை முதன்முதலாகப் பார்க்கும்போது உள்ளே எழும் வியப்பை அப்படியே பிடுங்கி இன்னொருவருக்குள் நட்டுவிடலாம் என்று யாரோ புண்ணியவான் கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது. எல்லாவற்றையும் பார்த்துச் சலித்தவர்களுக்கு அது தேவைப்பட்டது. எதையுமே பார்க்க வழியில்லாதவர்களிடம் அது இருந்தது. அப்புறம் என்ன, வியாபாரம் தானாக அமைந்துவிட்டது. கடல் காணாத பிள்ளைகளை உள்நாட்டில் வளர்த்தார்கள். மலை காணாத பிள்ளைகளைப் பரமக்குடிப் பக்கத்துச் சமவெளியில் வளர்த்தார்கள். பிள்ளை வளர்ந்ததும் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாள் வண்டிப் பயணம். அந்த வியப்பு வாடிக்கையாளருக்கு. பதிலுக்குக் குடும்பத்துக்கு மலைமேல் ஒரு வீடு.

வீடென்றால் சும்மா இல்லை. கீழே வெயில் மனிதனைக் கொல்ல ஆரம்பித்திருந்தது. பகலில் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடப்பதும், விடியுமுன் எழுந்து வேலை செய்வதுமாக ஊர் ஓடிக்கொண்டிருந்தது. முத்துராக்குவின் புருஷன் சேது, தார் போடப் போன இடத்தில் போன கோடையில் சுருண்டு விழுந்தான். தூக்கிவந்தபோது உடம்பு தொடமுடியாத அளவுக்குச் சுட்டது. அந்தச் சூடு முத்துராக்குவின் உள்ளங்கையில் இன்னும் இருந்தது. மகளை இந்த வெயிலுக்குத் தின்னக் கொடுப்பதில்லை என்று அவள் பிறந்தபோதே எடுத்த முடிவு அன்றைக்கு இன்னும் இறுகியது.

மலை காணாப் பிள்ளை வளர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அந்த வீடுகளில் சோற்றைக் குவித்துப் பரிமாற மாட்டார்கள். தட்டில் கரண்டியால் தட்டித் தட்டிப் பரப்பித்தான் வைப்பார்கள். தெருவில் மணல் கொட்டியிருந்தால் பிள்ளையின் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போவார்கள். முருகன் காலண்டரில் முருகனுக்குப் பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும், சாமி அந்தரத்தில் நிற்பார். மலை என்ற சொல்லே வீட்டில் கிடையாது, ‘அது’ என்பார்கள்.

இவ்வளவும் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். முத்துராக்கு இன்னும் ஒரு படி மேலே போனாள். வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க வரும் கம்பெனிப் பெண் ஒருமுறை போகிறபோக்கில் சொன்னாள்: “பிள்ளையை ரொம்பக் கொஞ்சாதீங்க. மனசு காஞ்சு கிடந்தாதான் மழை பெய்யும்போது நல்லா உறிஞ்சும்.” முத்துராக்கு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அன்றோடு மகளை இடுப்பில் தூக்குவதை விட்டாள், ஊட்டுவதை விட்டாள், தலைவாரும்போது பேசுவதைக்கூட விட்டாள். தீபாவளிக்குப் புதுப்பாவாடை கட்டி வந்து நின்றால் “போய்ப் படி” என்பாள். சேது பெண்டாட்டிக்குப் பயந்து மகளிடம் ஒட்டாமலே இருந்து போய்ச்சேர்ந்தான். “ராக்கு மகளை ஊறுகாய் போட்டு வச்சிருக்கா,” என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மேலே போய் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொஞ்சிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

வெள்ளிமுடிக் காட்சிமுனையில் வண்டி நின்றது. டெரன்ஸ் செவ்வந்தியின் காதுக்குப் பின்னால் ஒரு பட்டையை ஒட்டினான், மிருணாளினிக்கும் ஒன்றை ஒட்டினான். வண்டியின் முகப்பில் ஒரு சின்னத் திரை எரிந்து, அதில் ஒரு பச்சைக்கோடு நெளியத் தொடங்கியது.

“அவுத்துருங்கக்கா,” என்றான்.

முத்துராக்கு முடிச்சை அவிழ்த்தாள். எதிரே மலைகள் அடுக்கடுக்காக நின்றன. கறுப்பும் நீலமுமாக ஒன்றன் பின் ஒன்று ஏறிப்போய், கடைசி வரிசை மேகத்தோடு கலந்துவிட்டது. நடுவே ஒரு பாறைமுடி வெயிலில் வெள்ளையாய் மின்னியது. மகளுக்காக முத்துராக்குவும் இத்தனை வருஷமாக மலைப்பக்கம் போனதில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

செவ்வந்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். இடதுபக்கம் பார்த்தாள், வலதுபக்கம் பார்த்தாள்.

“இதுதானாம்மா?”

“என்னடி, இதுதானாங்கிறே?”

“இல்ல... இன்னும் பெருசா இருக்கும்னு நெனச்சேன்.”

திரையில் கோடு ஒருமுறை எழும்பிப் படுத்துக்கொண்டது. மிருணாளினி மூடியிருந்த கண்ணைத் திறந்து டெரன்ஸைப் பார்த்தாள். அவன் பின்கழுத்தைச் சொறிந்தான்.

“இது சில சமயம் நடக்கிறதுதான் மேடம். ஒளிச்சு ஒளிச்சு வச்சு, பிள்ளை மனசுல மலையை ஆகாசம் வரைக்கும் வளத்து விட்டுர்றாங்க. அப்புறம் நெசமான மலை குட்டையாத் தெரியுது.”

முத்துராக்கு டெரன்ஸின் பக்கம் திரும்பினாள். “அப்ப வீடு, தம்பி?”

“இன்னும் பொழுது இருக்குக்கா. ஆறு மணிக்குத்தான் கேட்டை மூடுவாங்க. அதுக்குள்ள இந்தக் கோடு எங்க நல்லா ஏறுதோ, அதை எடுத்துக்குவோம். அருவி இருக்கு, வரையாடு இருக்கு. ஏதாவது ஒண்ணுல ஏறும்.”

“ஏறலைன்னா?”

“வண்டி கீழ போகும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாள்தான், மறுபடி வர முடியாது.”

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சுற்றிச் சுற்றி ஏறியது. ஒரு திருப்பத்தில் அருவி வந்தது. செவ்வந்தி “தண்ணி நெறய வருது” என்றாள், கோடு அசையவில்லை. புல்வெளியில் காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பாறை விளிம்பில் வரையாடு ஒன்று குட்டியோடு நின்று இவர்களைப் பார்த்தது. பனிமூட்டம் ரோட்டின் குறுக்கே புகுந்து, வண்டியை விழுங்கி, மறுபக்கம் போயிற்று. ஊரிலிருந்து வந்த எந்தப் பெண்ணும் வாய்பிளக்க வேண்டிய காட்சிதான் எல்லாம். செவ்வந்தி வெளியே பார்ப்பதும், அம்மாவின் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். அம்மாவின் முகம் போன போக்கில், அவளுக்கு எதைப் பார்த்தாலும் பயம்தான் வந்தது.

“போன வருஷம் ஒரு பையன்கிட்ட கடல் வாங்கினேன்,” என்றாள் மிருணாளினி, யாரிடம் என்றில்லாமல். “ரொம்ப நல்லா இருந்தது. காலையில எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்க்கணும் போல இருந்தது.”

“அந்தப் பையன் இப்ப எப்படிம்மா இருக்கான்?” என்று கேட்டாள் முத்துராக்கு.

“நல்லா இருக்கான். கடற்கரையிலதான் வீடு. கடல் பக்கம் திரும்ப மாட்டான், அவ்வளவுதான். தண்ணிதானே அதுன்னு சொல்றானாம்.”

முத்துராக்கு நிம்மதியாக மூச்சு விட்டாள். மலையைத் திரும்பிப் பார்க்காமல் மலைமேல் இருந்துவிட்டுப் போகலாம். அதில் என்ன வந்துவிடப் போகிறது.

மத்தியானம் தாண்டி, ஒரு புல்சரிவில் சாப்பாட்டுக்காக நிறுத்தினார்கள். மிருணாளினி வண்டியிலேயே இருந்துகொண்டாள். முத்துராக்கு புளிச்சோற்றுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மகளைச் சரிவின் கீழே கூட்டிப்போனாள். சோறு போடுவதற்காக அல்ல. வண்டிக்குக் காது கேட்காத தூரம் வந்ததும் மகளின் தொடையைப் பிடித்துத் திருகினாள்.

“ஆசையாப் பாருடி. அங்க பாரு, எம்புட்டு அழகா இருக்கு.”

“பாக்குறேன்மா.”

“பாத்தா ஏண்டி ஏற மாட்டேங்குது? உன்னைய எதுக்குடி இத்தன வருஷம் இப்படி வளத்தேன்? ஒங்கப்பன் வெந்து செத்ததப் பாத்தேல்ல? நீயும் அப்படிச் சாகணுமா?”

“நெசமாப் பாக்குறேன்மா. வர மாட்டேங்குது.”

அறைந்துவிட்டாள். பெண் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. அடி வாங்குவது அவளுக்குப் புதிதில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

“என்னால ஒனக்கு வீடு போச்சுல்லம்மா.”

முத்துராக்கு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். உனக்கு என்றுதான் சொன்னாள் மகள். நமக்கு என்றுகூடச் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் யாருக்காக என்று முத்துராக்கு நினைத்திருந்தாளோ, அந்தப் பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. சூரியன் மேற்கே சரிந்துகொண்டிருந்தது. வீடு போயிற்று. எதற்காகப் பிள்ளையைக் காயப்போட்டாளோ அதுவே போனபின், இனி யாருக்காகக் காயப்போடுவது?

“போகட்டும்,” என்றாள். “இங்க வா. கிட்ட வந்து ஒக்காரு.”

செவ்வந்தி தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். முத்துராக்கு தூக்குவாளியைத் திறந்து, சோற்றை உருண்டை பிடித்து, மகளின் வாயருகே கொண்டுபோனாள். செவ்வந்திக்கு அது எதற்கு என்று புரியவில்லை. வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

“கைய எடு. வாயத் தொற ராசாத்தி.”

திறந்தாள். முத்துராக்கு ஊட்டினாள். ஒரு பருக்கை உதட்டோரம் ஒட்டிக்கொண்டதை விரலால் தள்ளி வாய்க்குள் விட்டாள். அறைந்த கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். காற்றில் பறந்த முடியை ஒதுக்கிக் காதோரம் செருகினாள். “எந் தங்கம்,” என்றாள், “எஞ் சாமி.” சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை வந்தது. செவ்வந்தி மென்றுகொண்டே அம்மாவைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல், இமைக்காமல், வாய் பாதி திறந்தபடி பார்த்தாள். மலைக்காக எதிர்பார்த்த பார்வை அது என்று முத்துராக்குவுக்கு அப்போது உறைக்கவில்லை.

மேலே வண்டிக்கதவு படாரென்று திறந்தது.

மிருணாளினி இறங்கி நின்றாள். ஒரு கை நெஞ்சில் இருந்தது. பட்டுப்புடவை புல்லில் இழுபட இரண்டடி வந்து, அங்கேயே மண்டியிட்டாள். அந்த ஒன்றுமில்லாத முகத்தில் கண்ணீர் தாரைதாரையாக ஓடிக்கொண்டிருந்தது. “என்ன இது?” என்றாள். “டெரன்ஸ், என்ன இது?”

டெரன்ஸ் வண்டியின் முகப்பைப் பார்த்தான். திரையில் கோடு மேல்விளிம்பைத் தொட்டு, அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

பூங்காக் கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. டெரன்ஸ் வண்டியை ஓரங்கட்டி, முத்துராக்குவைத் தனியே கூப்பிட்டான்.

“வீடு கெடச்சிரும்க்கா. நாலு வருஷத்துல இப்படி ஏறி நான் பாத்ததில்ல. ஆனா ஒரு விஷயம். ஏறுனது மலைக்கு இல்ல. ஒங்களுக்கு.”

“எனக்கா?”

“மத்தியானம் மேடத்துக்குப் போனது வெறும் ருசிதான். இப்ப எடுத்தா முழுசா எடுக்கணும். வேரோட வரும். பாப்பாவுக்கு ஒங்கள ஞாபகம் இருக்கும். அம்மான்னு தெரியும், ஒண்ணையும் மறக்க மாட்டா. ஆனா உள்ள ஒண்ணும் இருக்காது. அந்தப் பையனுக்குக் கடல் மாதிரி.”

“கொஞ்ச நாளு போனா திரும்பி வருமா தம்பி?”

“வேரு இல்லாம எங்கக்கா மொளைக்கும்?”

“பாதி எடுத்துக்கிட்டுப் பாதிய விடலாம்ல?”

“முடியாதுக்கா. வேண்டாம்னா சொல்லிருங்க, யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. விடியறதுக்குள்ள ஊர்ல எறக்கி விட்டுர்றேன்.”

மிருணாளினி வண்டிக்குள்ளிருந்து இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துராக்கு ஜன்னலருகே போய் நின்றாள்.

“நீங்க மலைதானேம்மா கேட்டீங்க. வேற பிள்ளைகிட்ட நல்லதா வாங்கிக்கலாமே. ஒங்களுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாங்கல்ல?”

“இருந்தாங்க,” என்றாள் மிருணாளினி. “முகம் ஞாபகம் இருக்கு. அதுல ஒண்ணும் இல்ல.” பிறகு, கடையில் துணியைத் தொட்டுப் பார்த்தவள் போலச் சாதாரணமாகச் சொன்னாள்: “எனக்கு மலை வேண்டாம். இதுதான் வேணும்.”

செவ்வந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். அன்றைக்குத்தான் பிடிக்கக் கற்றுக்கொண்ட கை.

“வேண்டாம்மா. ஊருக்கே போயிருவோம். நீ இப்படியே இருந்தாப் போதும், நான் வெயில்ல இருந்துக்குவேன்.”

முத்துராக்கு மகளின் நெற்றியில் கை வைத்தாள். மலைக்காற்றில் நெற்றி குளுகுளுவென்று இருந்தது. சேதுவின் நெற்றி எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும். ஊருக்குப் போனால் இந்தப் பிள்ளை தன்னை ஆசையாகப் பார்க்கும். எத்தனை கோடைக்குப் பார்க்கும்?

“பாப்பா வேண்டாங்குதே,” என்றாள் டெரன்ஸிடம்.

“அதுக்கு இன்னும் பதினெட்டு ஆகலக்கா. நீங்க சொன்னாப் போதும்.”

“சரி. எடுத்துருங்க.”

“அம்மா...”

“வாய மூடு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது.”

பதினேழு வருஷப் பழக்கம், அந்த அதட்டல் தானாக வந்துவிட்டது. தன்னை ஆசையாகப் பார்த்த மகளிடம் கடைசியாகப் பேசிய வார்த்தை அதுதானா என்று பின்னால் அவள் எத்தனையோ முறை தன்னையே நொந்துகொண்டாள்.

“அவ ஒங்களப் பாத்துக்கிட்டே இருக்கணும்க்கா,” என்றான் டெரன்ஸ். “கண்ணை மூடிட்டா அரைகொறையா வரும்.”

செவ்வந்தி கண்ணை மூடவில்லை. மூடினால் அம்மாவைப் பார்க்க முடியாது என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டாள். முத்துராக்கு குனிந்து அந்தக் கண்களுக்கு நேரே தன் முகத்தைக் கொடுத்தாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. டெரன்ஸ் திரையைத் தொட்டான். சத்தமில்லை, வலியில்லை. மகளின் கண்ணில் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஒரு கட்டத்தில், பஸ்ஸில் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் யாரோ பெண்ணைப் பார்ப்பது போல அவள் முத்துராக்குவைப் பார்த்தாள். முத்துராக்குவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

“முடிஞ்சுதா?” என்று கேட்டாள் செவ்வந்தி. பிடித்திருந்த கையை விட்டுவிட்டுத் திரும்பினாள். அந்திவெயிலில் வெள்ளிமுடி செம்புநிறமாக எரிந்துகொண்டிருந்தது. “அடேயப்பா,” என்றாள் மெதுவாக. “காலையில இத நான் சரியாவே பாக்கலியே.”

அந்த வியப்பை வாங்க ஆள் இல்லை. அது அவளிடமே இருந்துகொண்டது.

வீடு கொடுத்துவிட்டார்கள். சொன்ன சொல் தவறாத கம்பெனி. இரண்டு அறை, தகரக்கூரை, வாசலில் நின்றால் மலை. செவ்வந்தி நாற்றுப்பண்ணையில் வேலைக்குப் போகிறாள், உடம்பு தேறி மினுமினுவென்று இருக்கிறாள். அம்மாவுக்கு ஒரு குறையும் வைப்பதில்லை. “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று தவறாமல் கேட்கிறாள். காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கி வந்து தலைமாட்டில் வைத்துவிட்டு மலை பார்க்கப் போகிறாள். ஆரம்பத்தில் முத்துராக்கு உருண்டை பிடித்து நீட்டிப் பார்த்தாள். செவ்வந்தி தட்டை எடுத்து வைத்து, “இதுல வச்சிருங்க,” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

இரண்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வந்து நின்றது. மிருணாளினி தனியாக இறங்கினாள். பட்டுப்புடவையோடு சமையல்கட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“பசிக்குதும்மா,” என்றாள்.

தன்னைவிட இருபது வயது மூத்தவள் அம்மா என்கிறாள். முத்துராக்குவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொள்ளிக்கட்டையை எடுத்து விரட்டலாமா என்று தோன்றியது. ஆனால் வீடு அவர்கள் கொடுத்தது. கையை அலம்பிச் சோற்றைப் பிசைந்து வேண்டாவெறுப்பாக நீட்டினாள். கிழவி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். கண்ணை எடுக்காமல், இமைக்காமல், வாய் பாதி திறந்தபடி. முத்துராக்குவின் கை அந்தரத்தில் நின்றது. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். உலகத்தில் அது இப்போது இருப்பது இந்த ஒரே இடத்தில்தான்.

அதற்குப் பிறகு வாராவாரம் வருகிறாள். சனிக்கிழமையே முத்துராக்குவுக்கு இருப்புக் கொள்வதில்லை. புளி கரைக்கிறாள், வாசலை வாசலைப் பார்க்கிறாள், கார் சத்தம் கேட்டால் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுகிறாள். இந்த வெட்கங்கெட்ட பிழைப்பை நினைத்துத் தன்மேலேயே அவளுக்குக் கசப்பு. ஆனாலும் ஓடுகிறாள்.

“வாராவாரம் வர்றாங்களே, அந்தம்மா ஒங்களுக்குச் சொந்தமா?” என்று ஒருநாள் செவ்வந்தி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஆமா,” என்றாள் முத்துராக்கு.

“அப்படியா,” என்றுவிட்டு மகள் மலைப்பாதையில் ஏறிப்போனாள்.

அன்றைக்கு மிருணாளினி வழக்கம் போல ஆசையாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது வாய்க்குத் தலையைத் திருப்பிக்கொண்டாள். வேரோடு வந்தது அல்லவா, வேரில் ஒட்டியிருந்த மண்ணும் கூடவே வந்திருந்தது. உதடு துடித்தது. பரமக்குடிப் பக்கத்தை ஒருமுறைகூடப் பார்த்திராத அந்தக் கிழவி, முத்துராக்குவின் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“எனக்கு ஏம்மா இத்தன வருஷம் ஊட்டவே இல்ல?”

செவ்வந்தி கேட்காத கேள்வி அது. இனி எந்தக் காலத்திலும் கேட்க மாட்டாள். முத்துராக்கு திறந்திருந்த கதவு வழியாக ஒருமுறை பார்த்தாள். பாதையில் யாரும் தெரியவில்லை. பிறகு இடது கையால் கிழவியின் நரைத்த முடியை ஒதுக்கிக் காதோரம் செருகினாள்.

“தப்புதான் ராசாத்தி,” என்றாள். “அம்மா தெரியாமப் பண்ணிட்டேன். வாயத் தொற.”